கொக்கி மாட்டும் முன் கேட்க வேண்டியது

ரெக்கவரி வண்டித் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்கும், தேனியில் இப்போது சேர்ந்திருக்கிற அந்த ஒரு தங்கச்சிக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். வண்டியை இழுக்கிற வின்ச்சை எப்படி இயக்குவது, எந்தக் கனத்துக்கு எந்தச் சங்கிலி என்பதையெல்லாம் உங்களுக்கு வண்டி விற்றவர்களே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதில் நான் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் ரோட்டில் நின்றுபோன ஒவ்வொரு வண்டிக்குப் பக்கத்திலும் ஒரு மனுசன் நின்றுகொண்டிருப்பான். அவனிடம் எப்படிப் பேசுவது என்று எந்த வண்டிக் கம்பெனியும் சொல்லித் தருவதில்லை.

தேனிக்கும் குமுளிக்கும் நடுவே நான் தூக்காத வண்டி இல்லை. திராட்சை லாரி, ஏலத்தோட்டத்து ஜீப், பெரியகுளத்து மாம்பழ வேன், ஒருமுறை மாலையும் கழுத்துமாக இருந்த மாப்பிள்ளையோடு சேர்த்து ஒரு கல்யாணக் கார். மாப்பிள்ளை இறங்க மாட்டேன் என்றுவிட்டார், இறங்கினால் சகுனமாகாதாம். அவற்றையெல்லாம் இன்னொரு நாள் நேரில் உட்கார்ந்து சிரிக்கலாம். இந்தத் தொழிலை எனக்கு ஒழுங்காகக் கற்றுக் கொடுத்தது ஒரே ஒரு வண்டிதான். உத்தமபாளையத்துச் சிவப்புக் கார். இரண்டே சீட்டு, மேல்கூரை கிடையாது, நின்றால் என் இடுப்பு உயரம்கூட இருக்காது. வெள்ளைக்காரன் காலத்துப் பந்தயக் கார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை எனக்குப் போன் வந்தது ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த சமயம். பேசியவர் குசுகுசுவென்று பேசினார். தேவாரம் ரோட்டில் நிற்பதாகச் சொல்லிவிட்டு, "அண்ணே, கொஞ்சம் சத்தமில்லாம வாங்க" என்றார். ரெக்கவரி வண்டியைச் சத்தமில்லாமல் எப்படிக் கொண்டுபோவது? வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால், புளியமரத்தடியில் அந்தச் சிவப்புக் கார். பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்றுக்குக் குடை எப்போதோ பின்பக்கமாக மடங்கிவிட்டிருந்தது. அப்படியும் விடாமல் பிடித்திருந்தார். பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு அம்மா. சுடிதாருக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துணி. நான் வழக்கம்போல இறங்கி, ஒரு வார்த்தையும் பேசாமல் காரைக் கட்டுகிற பெல்ட்டை என் வண்டியிலிருந்து உருவ ஆரம்பித்தேன்.

தலையை வெளியே எடுக்காமலே அந்த அம்மா கேட்டார். "யாரு கூப்புட்டாக ஒங்கள?"

குடைக்காரர் வானத்தைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. உருவிய பெல்ட்டை மறுபடி சுருட்டிக்கொண்டே, யாரும் கூப்பிடவில்லை, இந்த வழியாகப் போனேன், கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று நிறுத்தினேன் என்று சொன்னேன்.

"இந்தக் காத்தையா?" என்று தலையை நிமிர்த்தினார். மூக்கில் கிரீஸ். அவரே சிரித்துவிட்டார்.

அவர் பெயர் நூர்ஜஹான். உத்தமபாளையத்தில் தையல் கூடம் நடத்துகிறார். பத்துப் பதினைந்து மிஷின் ஓடும் கூடம். எந்த மிஷின் நின்றாலும் அவரே கழற்றி, அவரே மாட்டிவிடுவார். குடைக்காரர் அவருடைய வீட்டுக்காரர் அப்பாஸ் பாய்; கடைவீதியில் விதை, பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர். வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த இந்தக் காரைப் பார்த்துவிட்டு, விலைபேசி வாங்கி, கடைக்குச் சரக்கு ஏற்றிவந்த லாரியிலேயே போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அன்றைக்கு அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் காற்று அழுத்தம் மட்டும்தான். என் வண்டியிலிருந்த காற்றுக் குழாயை வைத்து பெட்ரோல் பைப்பை ஊதினோம். கோழி இறகு துண்டு துண்டாக வந்தது. வண்டி கிளம்பிப் போய்விட்டது. நான் வெறும் கொக்கியோடு திரும்பினேன்.

அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான், கொக்கியைத் தொடும் முன்னால் "நான் என்ன செய்யணும்னு நினைக்கிறீக?" என்று கேட்பது. வண்டியைத் தூக்க வேண்டும் என்பதுதான் எல்லோருடைய பதிலும் என்று நினைக்காதீர்கள். சில பேருக்கு ஒரு ஸ்பேனர் போதும். சில பேருக்குக் கூட ஒரு ஆள் நின்றால் போதும்.

அதற்கப்புறம் பாய் என்னோடு சிநேகமாகிவிட்டார். அவர்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் அந்தக் கார் பல வருசம் பிரிந்தும் சேர்ந்தும் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு: வேறு ஆள் கை வண்டியில் படக்கூடாது. வேலை செய்வது அம்மா. புத்தகம் படிப்பது பாய். அந்தக் காரின் ரிப்பேர் புத்தகத்தின் நகல் ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்து வைத்துக்கொண்டு, ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாக வாசித்து, அங்கேயே தமிழும் சொல்வார். பிரேக் குழாயில் இருக்கும் காற்றை எடுக்கிற வேலைக்கு இங்கிலீஷில் 'பிளீடிங்' என்பார்கள், உங்களுக்குத் தெரியும். பாய் அதை, "இப்ப பிரேக்குக்கு ரத்தம் எடுக்கணும்னு போட்டிருக்கு" என்று வாசித்தார். அந்த அம்மா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

முதல் பெயிண்டைக் கடையிலிருந்த மருந்தடிக்கிற ஸ்பிரேயரால் அடித்தார்கள். ஒரு மழைக்கு உரிந்துவிட்டது. மறுபடி தேய்த்து, மறுபடி அடித்தார்கள். சீட்டுக்கு உறை அந்த அம்மா தைத்தது. அதைப் பார்க்கவென்றே ஊரில் பாதிப்பேர் வந்து போனார்கள். கோவையில் படிக்கிற மகள் போன் செய்தால், "கார் எப்படி இருக்கு? அத்தா அம்மா எப்படி இருக்கீக?" என்று அந்த வரிசையில்தான் கேட்பாளாம்.

இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அது கார்த்திகை மாதத் தொடக்கம். மாலை போட்ட சாமிமார்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கியிருந்தார்கள். சீசனுக்காகப் போடுகிற ஒருவழிப் பாதை ஏற்பாடு இன்னும் வரவில்லை. ஏறுகிற பஸ்ஸும் இறங்குகிற ஜீப்பும் குமுளி மலைப்பாதையில் உரசிக்கொண்டு போகிற சமயம். அந்த நாட்களில் நான் என் வண்டியை லோயர் கேம்ப்பிலேயே போட்டுவைத்திருப்பேன். காலை பத்து மணிபோல ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. மேலே கொண்டை ஊசி வளைவில் ஒரு கார் குறுக்கே நின்றுவிட்டது, இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது, உடனே வா என்றார்கள். போலீஸ்காரர்கள் முன்னால் நடந்து பஸ்களை ஓரம்கட்டி விலக்கிவிட, ஊர்ந்து ஊர்ந்து மேலே ஏறினேன். வளைவு திரும்பியதும் சிவப்பு தெரிந்தது.

நடந்தது இதுதான். அந்தக் காரை விற்ற பங்களாக்காரச் சேச்சியிடம் ஓட்டிக் காட்டிவிட்டு வரவேண்டும் என்று இரண்டு பேருக்கும் வெகுநாள் ஆசை. முதல்நாள் போய், காட்டி, அங்கேயே தங்கி, காலையில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபோது பின் சக்கரம் ஒன்று பிடித்த பிடியை விடவில்லை. உள்ளே ஸ்பிரிங் கழன்று சிக்கிக்கொண்டுவிட்டது. வால் சுற்றி, முன்பக்கம் இறக்கத்துப் பக்கக் கைப்பிடிச் சுவரையும் பின்பக்கம் பாறையையும் பார்த்தபடி, கார் சாய்வாக ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சக்கரம் ஒரு அங்குலம் உருளாது.

நான் இறங்கியபோது அங்கே பெரிய கூட்டம். பாய், பயத்தில் இருக்கிறவர்கள் சிலபேர் பேசிக்கொண்டே இருப்பார்களே, அப்படி இருந்தார். இது சாதாரண வண்டி இல்லை, பூராவும் இவள் கையால் செய்தது, ஒரு மெக்கானிக் தொட்டதில்லை என்று கேட்காதவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு ஒரு ஜீப்காரன், "அதான் தெரியுதே பாய், குறுக்க நிக்கிறப்பவே" என்றான். கூட்டம் சிரித்தது. அந்த அம்மா காருக்குப் பக்கத்தில் கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தார்.

அப்போதுதான் மேலேயிருந்து சைரன் கேட்டது. ஆம்புலன்ஸ். வண்டிகள் வழிவிட வழிவிட அது வளைவு வரைக்கும் வந்துவிட்டது. அதற்குமேல் வர இடமில்லை. ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பாம்பு கடித்து, தேனி மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று டிரைவர் இறங்கி ஓடிவந்து சொன்னார். சிரிப்பு நின்றுபோனது.

எஸ்.ஐ. என்னிடம் வந்தார். நல்ல மனுசர்தான்; அன்றைக்கு அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். "கார் என்ன ஆனாலும் பரவாயில்ல. முன்னாடி கொக்கிய மாட்டு, இழுத்து ஓரத்துல போடு."

என் வண்டி கீழ்ப்பக்கம் நின்றது. காரின் முன்பக்கம்தான் எனக்கு எட்டும். பின்பக்கம் போக வழியே இல்லை. முன்னால் மாட்டி இழுத்தால் பூட்டிய சக்கரம் தேய்ந்துகொண்டே வரும், வண்டிக்கு அடி விழும், ஆனால் வந்துவிடும். வேறு எந்தக் காராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கொக்கி என் கையில் இருந்தது.

நூர்ஜஹான் அம்மா பக்கத்தில் வந்து, "இழுங்கண்ணே. வண்டி போனாப் போகுது" என்றார்.

அவர் குரலில் வேறு ஏதோ இருந்தது. ஆம்புலன்ஸுக்குள்ளே ஒரு உயிர் கிடக்கும்போது குரலையெல்லாம் ஆராய்ந்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் காரின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கொக்கிக்கு இடம் தேடுவதுபோலக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவரையும் கையால் கீழே உட்காரச் சொன்னேன். அவர் உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டேன். "எங்கன மாட்டலாம்மா?"

அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பாயைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "முன்னாடி குறுக்குச் சட்டம் துருப்புடிச்சு விட்டுப்போயிருந்துச்சுண்ணே. நான்தான் வெல்டிங் வச்சேன். எனக்கே அதுமேல நம்பிக்கை இல்ல. இழுத்தா அது கையோட வந்துரும்."

சட்டம் கழன்று வந்தால் முன் சக்கரங்கள் இரண்டும் சாய்ந்துவிடும். அதற்கப்புறம் அந்தக் காரை அந்த வளைவிலிருந்து நகர்த்த கிரேன்தான் வரவேண்டும். கம்பத்திலிருந்து கிரேன் அந்தக் கூட்டத்தில் ஏறி வருவதற்குள் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அது பாயின் காதில் விழுந்துவிட்டது. அதுவரை பேசிக்கொண்டே இருந்தவர் குனிந்து, "நல்லா இருக்குன்னுதானே என்கிட்ட சொன்ன?" என்றார்.

"ஒங்ககிட்ட அப்படித்தான் மச்சான் சொன்னேன்" என்றார் அந்த அம்மா.

நான் கொக்கியை என் வண்டியிலேயே போட்டுவிட்டு எஸ்.ஐ.யிடம் போனேன். இழுத்தால் வண்டி இரண்டாகப் போய்விடும், ரோடு சாயங்காலம் வரை திறக்காது, எனக்கு ஆள் வேண்டும், சங்கிலி வேண்டாம் என்றேன். யார் சொன்னது, ஏன் என்றெல்லாம் சொல்லவில்லை. என் கணக்காகவே சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பின்னால் நின்ற சாமிமார் பஸ்ஸைப் பார்த்துக் கைதட்டினார்.

விருதுநகர் பக்கத்திலிருந்து வந்த பஸ். குருசாமி வெள்ளைத் தாடிக்காரர், ஆனால் தோள் இரண்டும் மூட்டை தூக்கிய தோள். விசயத்தைக் கேட்டதும் திரும்பி ஒரு குரல் கொடுத்தார். கறுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இளவட்டச் சாமிகள் இறங்கி வந்தார்கள். கார் சின்னது, கனமில்லாதது. பின்பக்கத்தை மட்டும் தூக்கிப் பிடித்தால் முன் சக்கரம் உருளும். வளைவின் உட்புறத்தில் வண்டிகள் சூடு ஆற நிறுத்துகிற அகலமான இடம் ஒன்று பத்தடி தள்ளி இருந்தது. அங்கே கொண்டுபோய்விட்டால் போதும்.

ஆளுக்கொரு பக்கம் பாய்ந்து பிடிக்கப் போனபோது அந்த அம்மா, "நில்லுங்க" என்றார். அப்போதுதான் அவர் குரலை எல்லோரும் கேட்டார்கள். கைப்பையைத் திறந்து, துணியில் குறி போடுகிற தையல் சாக்கட்டியை எடுத்தார். காரைச் சுற்றிக் குனிந்து குனிந்து, விறுவிறுவென்று வண்டிமேல் அங்கங்கே வட்டம் போட்டார். வட்டத்துக்குள் மட்டும் பிடிக்க வேண்டும் என்றார். பம்பரைத் தொட வேண்டாம், அது அலங்காரம். சக்கரத்துக்கு மேலே இந்த வளைவு தகரம் இல்லை, வெறும் பட்டிப் பூச்சு வைத்துத் தேய்த்தது, பிடித்தால் உடைந்து கையைக் கிழிக்கும். இங்கே கீழே கை விட்டால் கெட்டிக் கம்பி இருக்கிறது, அதை நம்பலாம். எது உறுதி, எது வெளிப்பூச்சு என்று அத்தனை பேர் முன்னாலும் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டே போனார். ஜீப்காரன்கூட ஒரு வட்டத்தில் கை வைத்து நின்றான்.

குருசாமி அப்பாஸ் பாயிடம், "நீங்க சொல்லுங்க சாமி, தூக்குறோம்" என்றார். பாய் "பிஸ்மில்லா" என்று மெல்லச் சொன்னார். "சாமியே" என்றார் குருசாமி. "சரணம் ஐயப்பா" என்று தூக்கினார்கள். அந்த அம்மா கதவுக்கு வெளியே நின்றபடியே ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு கூடவே நடந்தார். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் வாங்கிய கூட்டம் நகர்வதுபோல மொத்தமாக நகர்ந்தோம். காரை இறக்கிய கையோடு ஆம்புலன்ஸ் எங்களை உரசினாற்போலக் கீழே போயிற்று.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். மறுநாள் அந்த டிரைவரே லோயர் கேம்ப்பில் நிறுத்தி எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு என் வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுபோய், காரின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். மூன்று பேரும் என் கேபினில். பாதி மலை இறங்கியதும் நூர்ஜஹான் அம்மா, தெரிந்த வெல்டர் யாராவது உண்டா என்று கேட்டார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார். சின்னமனூரில் ஒருவர் இருக்கிறார், பார்க்க விடுவார் என்றேன். பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நானும் வாரேன். இனிமே நல்லா இல்லாததையும் என்கிட்ட சொல்லு" என்றார். நான் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். கேபினில் சில பேச்சுகளுக்கு நாம் இல்லாத மாதிரி இருக்க வேண்டும். அதுவும் இந்தத் தொழில்தான்.

தம்பிகளா, தங்கச்சி, தன் வண்டியைத் தானே ரிப்பேர் பார்க்கிறவர்களை இனி நிறையப் பார்ப்பீர்கள். போனில் வீடியோ பார்த்துவிட்டு இப்போது எல்லோரும் கழற்றுகிறார்கள். மெக்கானிக்குகள் அவர்களைக் கண்டால் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்காதீர்கள். அந்த வண்டியில் எந்த இடம் பலவீனம் என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அதை அவர் உங்களுக்குச் சொல்வதும் சொல்லாததும் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. தேவாரம் ரோட்டில் நான் அவரைக் கேலி செய்திருந்தால், மலையில் அவர் வாய் திறந்திருக்க மாட்டார். நானும் இழுத்திருப்பேன்.

சட்டம் புதிதாகப் போட்டு, பிரேக் நான்கையும் மறுபடி பிரித்துச் சேர்த்து, தை பிறந்த பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை போன் செய்தது அந்த அம்மா. வண்டியில் கோளாறு இல்லை, குமுளி போய் டீ குடித்துவிட்டு வரலாம் வாருங்கள் என்றார். இரண்டு சீட்டு வண்டி. பாய் தன் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே பஸ்ஸில் வந்தார். வந்து இறங்கியதும் டீயைத் தொடாமல், "பிரேக் எப்படிண்ணே?" என்று என்னைத்தான் கேட்டார்.

"ஓட்டுனவகள கேளுங்க பாய்" என்றேன்.

"எடது பக்கம் லேசா இழுக்குது மச்சான். நாளைக்குக் கழத்திப் பாக்கணும்" என்றார் அந்த அம்மா. பாய் முகம் மலர்ந்துவிட்டது.

திரும்பி மலை இறங்கும்போது நான் பஸ்ஸில் வருகிறேன் என்று பிடிவாதமாகச் சொல்லி அவர்களைச் சேர்த்து அனுப்பினேன். ஜன்னல் சீட்டு கிடைத்தது. பாதி இறக்கத்தில் முன்னால் அந்தச் சிவப்பு தெரிந்தது. எங்கள் டிரைவர் ஹாரன் அடித்தார். கார் பதறவில்லை, அகலமான இடம் வரும்வரை தன் போக்கில் போய், நேராக ஓரம் கட்டி நின்று பஸ்ஸுக்கு வழிவிட்டது. நான் எந்த ஜன்னலில் இருக்கிறேன் என்று தெரியாமல் பாய் பஸ் முழுவதுக்குமாகக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

"யாருக்குண்ணே கை காட்டுறீக?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"தெரிஞ்ச வண்டி" என்றேன்.